‘ஓகே சார்’ என்றால் என்ன அர்த்தம்?

கேள்வி: வாட்ஸ்அப் குரூப்பில் எதைப் போட்டாலும் ‘ஓகே சார்’ என்று வரிசையாக வருகிறது. வேலை மட்டும் வேறு மாதிரி முடிகிறது. தப்பு யார் மேல்?
– பனியன் கம்பெனி சூப்பர்வைசர், திருப்பூர்

பதில்: அந்த ‘ஓகே’ மேல். ‘பார்த்தேன்’, ‘புரிந்தது’, ‘செய்கிறேன்’, ‘இப்போதைக்கு ஆளை விடுங்கள்’ என்று அதற்கு நாலு அர்த்தம்.

1977 மார்ச் 27, டெனெரிஃப் தீவு. விமான நிலையம் முழுக்க மூடுபனி. ஓடத் தொடங்கிவிட்ட கே.எல்.எம். விமானம், தான் புறப்படுவதாக வானொலியில் சொன்னது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர் ‘ஓகே’ என்றார். சின்ன இடைவெளி விட்டு, ‘காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்’ என்றார். அந்த நேரம் பார்த்து, அதே ஓடுபாதையில் எதிரே வந்துகொண்டிருந்த பான் ஆம் விமானமும் பேச, இரண்டு குரலும் மோதி இரைச்சலாகிவிட்டது. தெளிவாகக் கேட்டது ‘ஓகே’ மட்டும். இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள்.

அதன் பிறகு விமானப் பேச்சின் விதிகள் இறுகின. முக்கியமான அனுமதிக்கு வெறும் ‘ஓகே’ செல்லாது. கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லையே அதற்கான அனுமதியைக் கொடுக்கும்போதும் ரத்து செய்யும்போதும்தான் எடுக்கலாம். நீங்களும் எத்தனை பீஸ், எந்தக் கலர், என்றைக்கு என்று அவர்களையே திருப்பி எழுதச் சொல்லுங்கள். பத்து வினாடி வேலை.

கேள்வி: சீனியர் செய்வது தவறு என்று தெரிகிறது. வாயைத் திறந்தால் திமிர் என்பார். என்ன செய்ய?
– சைட் இன்ஜினியர், மதுரை

பதில்: அந்த கே.எல்.எம். விமானத்தில் இருந்த பொறியாளருக்கும் சந்தேகம் வந்தது. எதிர் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னதும் நிறுத்திக்கொண்டார். கேப்டன் அந்த நிறுவனத்திலேயே மிக மூத்தவர்களில் ஒருவர்.

சந்தேகத்தைக் கேள்வியாக மட்டும் கேட்டால் ஒரே சொல்லில் மூடிவிடுவார்கள். ‘கம்பி சரியா இருக்கா சார்?’ வேண்டாம். ‘சார், டிராயிங்கில் 16 எம்எம், கட்டியிருப்பது 12. கான்கிரீட் போடுவதை நிறுத்தி வைக்கலாம்’ என்று சொல்லுங்கள். ஆளைச் சுட்டாமல் கம்பியைச் சுட்டுங்கள். கேட்கவில்லை என்றால் அன்றே எழுத்தில் கொடுங்கள். அந்தக் கட்டடத்துக்குள் குடியிருக்கப் போகிறவர்களுக்கு நீங்கள் பட்டிருக்கும் கடன் அது.

கேள்வி: பேச்சில் சொல்லுக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மீதி குரலும் உடல்மொழியும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்களே?
– வங்கி ஊழியர், சேலம்

பதில்: தவறு. உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து பிறந்த எண் அது. விருப்பு வெறுப்பு போன்ற உணர்வுகளைப் பேசும்போது சொல்லும் தொனியும் முகமும் முரண்பட்டால் மட்டுமே அது பொருந்தும். எல்லாப் பேச்சுக்கும் அல்ல என்று அவரே தெளிவுபடுத்தியிருக்கிறார். ‘தொடாதே, கரண்ட் இருக்கு’ என்பதில் சொல்தான் உயிர்.

கேள்வி: ஆங்கிலம் தடுமாறுவதால் மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை.
– டெக்னீசியன், ஓசூர்

பதில்: தமிழில் பேசுங்கள். மெஷின் பழுது உங்களுக்குத்தான் தெரியும். மொழிபெயர்க்க அங்கே ஆள் இருப்பார்.

கேள்வி: எங்கள் பிரிவில் நடக்கும் முறைகேடு பற்றி ஒருவர் நம்பி என்னிடம் புகார் கொடுத்தார். ‘யார் சொன்னது?’ என்று மேனேஜர் குடைகிறார். சொல்லலாமா?
– மனிதவளத் துறை ஊழியர், சென்னை

பதில்: கூடாது. சத்யேந்திர துபே என்ற இளம் பொறியாளர், தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த ஊழலைப் பற்றி 2002-ல் பிரதமர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டார். கடிதம் பெயரோடு மேசை மேசையாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்றே விசாரணை முடிந்தது. கொன்றது யாராக இருந்தாலும், நம்பி எழுதியவரின் பெயரை மறைக்காமல் விட்டது பெரும் துரோகம்.

பாலியல் தொல்லைப் புகார் என்றால் 2013-ம் ஆண்டுச் சட்டமே அடையாளத்தை வெளியிடத் தடை போடுகிறது. மற்றப் புகார்களில் அந்தத் தடையை நீங்கள்தான் போட வேண்டும். ‘பெயர் வேண்டாம் சார், புகார் உண்மையா என்று பார்ப்போம்’ என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் யாரும் பிரச்சினை என்று வருவதே இல்லை. எல்லாம் நன்றாகப் போகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?
– சிறுதொழில் அதிபர், கோவை

பதில்: தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலத்தின் ராக்கெட்டைச் செய்த மார்ட்டன் தயகால் நிறுவனப் பொறியாளர்கள், இந்தக் குளிரில் ரப்பர் வளையங்கள் இறுகிவிடும், ஏவ வேண்டாம் என்று மன்றாடினார்கள். அவர்களுடைய மேலதிகாரிகளே அதை ஒதுக்கிவிட்டு ஒப்புதல் அனுப்பினார்கள். மறுநாள் ஏவுவது என்று கடைசி முடிவெடுத்த நாசா அதிகாரிகளின் காதுக்கு அந்த எதிர்ப்பு போய்ச் சேரவே இல்லை என்று விசாரணைக் குழு கண்டறிந்தது. கிளம்பிய 73-வது வினாடியில் விண்கலம் சிதறியது. உள்ளே இருந்த 7 பேரும் போனார்கள்.

உங்கள் பட்டறையிலும் யாரோ ஒருவர் எதையோ சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருக்கலாம். நாளைக் காலை ஷிப்டில் அவரைத் தேடிப் போய், ‘எது உறுத்துகிறது?’ என்று கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.