மூஞ்சி கட்டும் ஊர்

வண்டியின் அழகைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல உலகத்தில் இரண்டு ஊர்களுக்குத்தான் யோக்கியதை உண்டு. ஒன்று இத்தாலியில் இருக்கும் டூரின். இன்னொன்று நாமக்கல். இந்த விஷயம் டூரின்காரர்களுக்கு மட்டும் இன்னும் தெரியாது.

சிரிப்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசியுங்கள். 1912-ல் பெர்த்தோனே, 1930-ல் பினின்ஃபரினா என்று டூரினில் பட்டறை போட்டவர்கள் செய்த வேலை என்ன? கம்பெனி இன்ஜினும் சக்கரமும் வைத்து சேஸை மொட்டையாகக் கொடுக்கும். காசு உள்ளவர் அதைப் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்துவார். ஆசாரி தகரத்தைத் தட்டி உடம்பு கட்டுவார். அங்கே அதற்குப் பெயர் கலை; பக்கத்தில் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். இங்கே அதற்குப் பெயர் பாடி கட்டறது. பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிறார்கள். 2015-ல் மகிந்திரா பினின்ஃபரினாவை விலைபேசி முடித்ததை நான் பங்காளி சொத்து வீடு வந்து சேர்ந்ததாகவே பார்க்கிறேன்.

நம் கதை ஜாம்ஷெட்பூரில் தொடங்குகிறது. 1954-ல் டாடாவின் டெல்கோ, டைம்லர் பென்ஸோடு சேர்ந்து லாரி செய்ய இறங்கியது. அந்தக் கூட்டு 1969 வரை ஓடியது. அந்தக் காலத்துச் சேலத்தில் பென்ஸ் காரைக் கண்ணால் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பென்ஸில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றியவர்கள் தெருவுக்கு நாலு பேர்.

ஜாம்ஷெட்பூர் டாடாவோ எண்ணூர் லேலண்டோ, வந்தது என்னவோ பாதி லாரிதான். இன்ஜின், பானெட், ஸ்டீயரிங். அதற்குப் பின்னால் ஆகாயம். பலகைப் பெட்டிமேல் உட்கார்ந்து, தலையில் துண்டைச் சுற்றி, வெயில், மழை, புழுதி மூன்றையும் ஊர் ஊராக வாங்கிக்கொண்டு டிரைவர் சேஸை ஓட்டி வருவார். நாமக்கல்லுக்குள் நுழைந்ததும் அவருக்கு ஓர் ஆறுதல் உண்டு: பதினெட்டடி ஆஞ்சநேயருக்கே இங்கே கூரை கிடையாது.

பட்டறைக்கு வந்த பிறகுதான் ரசனை வெளியே வரும். மரச்சட்டம், மேலே தகரம், உள்ளே சன்மைக்கா, சீட்டுக்குப் பின்னால் படுக்கை. படம் வரைந்து காட்டும் வழக்கமெல்லாம் கிடையாது. "போன மாசம் சங்ககிரிக்காரருக்குக் கட்டுனீங்களே, அதே மாதிரி வேணுமுங்க. ஆனா அதே மாதிரி இருக்கக்கூடாதுங்க." ஆர்டர் இவ்வளவுதான். மேஸ்திரிக்குப் புரிந்துவிடும். கண்ணாடிக்கு மேல் நெற்றிப் பலகை ஒரு சாண் முன்னால் தள்ளும். அதில் குலதெய்வத்தின் பெயர். இரண்டு ஓரத்திலும் பிள்ளைகளின் பெயர். பம்பரில் திருஷ்டிக் கயிறு. லாரியைச் செய்த கம்பெனியின் பெயரை மட்டும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்படிப் பழகிப்போன கண்ணுக்கு முன்னால் இந்தியக் கார் கம்பெனிகள் வந்து நின்றன, பாவம்.

அம்பாசடர் 1950களின் கடைசியில் வந்தது, 2014-ல்தான் போனது. நடுவில் மார்க் டூ, மார்க் த்ரீ, மார்க் ஃபோர் என்று பட்டாபிஷேகங்கள் நடந்தன. ஒவ்வொரு தடவையும் முக்கியமாக மாறியது முன் கிரில்தான். பல்செட்டை மாற்றிவிட்டுப் புது மாப்பிள்ளை என்றார்கள். ஊரும் தலையாட்டியது. பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து கார் எடுத்தவருக்கு, அதன் அழகைப் பற்றி வாய் திறக்கத் தெம்பு ஏது? கார்க்காரருக்குக் கிடைத்தது கார். அபிப்பிராயம் லாரிக்காரரிடம் மட்டுமே இருந்தது.

1961-ல் சென்னையிலிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு வந்தது. வரைந்தவர் ஜியோவன்னி மிக்கலோட்டி, டூரின்காரர். பார்க்க லட்சணம்தான். ஆனால் இரண்டே கதவு. பெண் பார்க்கப் போன வீட்டு வாசலில், முன்சீட்டை மடக்கிக் குனிந்து வளைந்து வெளியே வர எந்தத் தாய்மாமன் சம்மதிப்பார்? பிறகு இந்தியாவுக்கென்றே நாலு கதவு வைத்தார்கள். மெக்கானிக்குகள் மட்டும் முதல் நாளிலேயே முழு மார்க் போட்டுவிட்டார்கள். அதன் முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாகத் திறக்கும். டயர்மேல் சௌகரியமாக உட்கார்ந்து இன்ஜினைக் குடையலாம்.

1985-ல் அதே கம்பெனி ஸ்டாண்டர்டு 2000 விட்டது. இங்கிலாந்தில் இதற்குப் பெயர் ரோவர் எஸ்டி1. ஃபெராரி டேடோனாவைப் பார்த்துப் போட்ட கோடு. 1977-ன் ஐரோப்பியச் சிறந்த கார் என்ற பட்டம். அங்கே அதற்குள் மூன்றரை லிட்டர் வி8 இருந்தது. இங்கே வைத்தது 1940களில் பிறந்த வேன்கார்டு இன்ஜின், 83 குதிரை. அந்த இன்ஜினின் ஒன்றுவிட்ட தம்பி ஃபெர்குசன் டிராக்டரில் உழுதுகொண்டிருந்தவன். போதாததற்கு, நம் ஊர்க் குழிகளுக்குப் பயந்து காரைத் தரையிலிருந்து உயர்த்தியும் விட்டார்கள். லாரிப் பட்டறையில் கை படிந்த சின்னப் பையனைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருப்பான்: சேஸ் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துவிட்டுத்தான் மேலே பாடி கட்ட வேண்டும். 1988-ல் அந்தக் கார் நின்றுபோனது.

இப்போது கம்பெனிகளே கேபினோடு லாரி தருகின்றன. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று அரசும் சொல்லிவிட்டது. டிரைவர்களுக்கு நல்ல காலம். ஆனால் முதலாளிகளின் கை சும்மா இருக்குமா? காற்று வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று யாரோ ஒரு டிசைனர் கம்ப்யூட்டரில் மழித்து மழித்து வைத்த நெற்றியில், இங்கே இரும்புச் சட்டம் அடித்துப் பலகையை மாட்டிவிடுகிறார்கள். டீசல் கொஞ்சம் கூடக் குடிக்குமே என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"குடிச்சுட்டுப் போகட்டுங்க. வர்றது நம்ம வண்டின்னு அரை மைல் தூரத்துலயே தெரிய வேண்டாமுங்களா?"