துண்டுக்குள்ள பேசின விலை

ஏலே பேராண்டி, திண்ணையில வந்து உக்காரு. மொகத்துல என்ன இத்தன வெளிச்சம்? இணையக் கடைக்குச் செஞ்ச 'கார்டு' முடிஞ்சிட்டாக்கும். சட்டைப் படம், பேரு, விலை, அடியில 'பை'ன்னு இங்கிலீசுல ஒரு பட்டன். ஆபீசுல எல்லாரும் சூப்பர்னு கட்டைவிரலத் தூக்கிட்டானுவளாமே. சந்தோசம்.

எங்க காலத்துல மாட்டுத் தரகன் துண்டுக்குள்ள கைய விட்டு, விரலப் பிடிச்சி வெல பேசுவான். வெளிய நிக்கவனுக்குச் சிரிப்பு மட்டுந்தான் தெரியும். உன் ஆபீஸ் கட்டைவிரலும் அந்தத் துண்டுக்குள்ள உள்ள விரல்தாம்ல. நாளைக்கு அவன் செஞ்சத நீ சூப்பர்ங்கணும். கணக்கு நேராயிட்டு.

மாடு வாங்குதவன் பல்லப் பிடிச்சிப் பாப்பான், நாலு எட்டு நடக்கவிட்டுப் பாப்பான். நீ 27 இஞ்ச் திரையில கட்டிப்போட்டு, கொம்புக்கு வர்ணம் அடிச்சில்லா காட்டுத. அவுத்து என் போன்ல நடக்கவிடு.

பாத்தியா, வெல வேலியத் தாண்டிட்டு! என் போன் அகலம் 360 பிக்சல். நீ கார்டுக்கு 400-ன்னு ஆணி அடிச்சி வெச்சிருக்க. அதிகபட்ச அகலம் நூறு சதவீதம்னு ஒத்த வரி எழுத கை வலிச்சிதோ? 2010-ல ஈதன் மார்க்காட்னு ஒரு அமெரிக்காக்காரரு, திரைக்குத் தக்கன பக்கம் மாறுத வித்தைக்கு 'ரெஸ்பான்சிவ்'னு பேரு வெச்சாரு, ஆள் நடமாட்டத்துக்குத் தக்கன அசைஞ்சு குடுக்க கட்டடக்கலையில இருந்து அந்தப் பேர எடுத்தாருன்னு போன பொங்கலுக்கு நீதாம்ல பாடம் நடத்தின. நீளுத கட்டம், சுருங்குத படம், திரை அகலத்தக் கேட்டு மாறுத விதி. எனக்கு மனப்பாடம். உனக்குத்தான் மறந்துட்டு.

வெள்ளையில சாம்பல் எழுத்து. கேட்டா 'மினிமல்'ங்க. வெயில்ல நிக்கவனுக்கு அது வெறும் வெள்ளை. எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வித்தியாசம் கொறஞ்சது 4.5-க்கு 1 வேணும்னு விதி இருக்குல்லா? பட்டன் வேற எள்ளுருண்டை மாதிரி. என் விரல் மம்பட்டி பிடிச்ச விரலு. வாங்கலாம்னு அமுக்கினா பக்கத்துல உள்ள இதயப் படத்துல போயி விழுது. மூணு தடவ காதலிச்சாச்சி, ஒரு தடவகூட வாங்க முடியல. உயரம் அகலம் ரெண்டுலயும் 44 பிக்சலாவது விடுலே.

பேரு வெறும் 'சட்டை'ன்னு போட்டிருக்க. கடைக்காரன் 'ஆண்களுக்கான அரைக்கை கதர்ச் சட்டை'ன்னுல்லா போடுவான்? பட்டன்ல 'கூடையில் சேர்க்கவும்'னு தமிழ்ல போட்டுப் பாரு. 'கூடையில்' வீட்டுக்குள்ள நிக்கும், 'சேர்க்கவும்' தெருவுல நிக்கும்.

இனிமே எவன்கிட்டயும் 'எப்படி இருக்கு'ன்னு கேக்காத. பொண்ணு பாக்க வந்தவன்கிட்ட பஜ்ஜி எப்படின்னு கேட்டா என்ன சொல்லுவான்? வேல தெரிஞ்சவன்னா, '320 அகலத்துல வெல ரெண்டு வரியா ஒடியுது, விடலாமா'ன்னு கேளு. தெரியாதவன்னா போனக் கையில குடுத்து 'இத வாங்கு'ன்னு சொல்லிட்டு வாயப் பொத்திக்கோ. விரல் எங்க தட்டழியுதுன்னு மட்டும் பாத்து எழுது. 'இல்ல தாத்தா, அது வந்து'ன்னு இப்பக் குறுக்க விழுந்தியே, அந்தப் பேச்சே ஆவாது. சட்டை வாங்குதவன் வீட்டுக்கெல்லாம் போயி வெளக்கம் சொல்லுவியோ?

சரி, உள்ள போயி ஆச்சிகிட்டயும் காட்டு. ஆனா முறுக்க மொதல்ல வாங்கித் தின்னுரு. கார்டப் பாத்த பொறவு அவ தரமாட்டா.