திறந்து பாராமலே தெரிந்துகொண்டவர்கள்

காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் கப்பல் கட்டும் தளத்துக்கும் வேலைக்குப் போய்வருகிறவர்களின் ஆட்டோமேட்டிக் கார்களைப் பார்த்துக்கொள்ளும் சர்வீஸ் ஆலோசகர்களே, உங்கள் அருமையை இந்த ஊர் இன்னும் சரியாகச் சொல்லவில்லை. அந்தக் குறை தீரச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் ஞானதிருஷ்டி. பொன்னேரி சாலையிலும் எண்ணூர்ப் பக்கமும் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஷிஃப்ட் முடிந்து வருகிறவரின் கார் அவற்றுக்கு நடுவே பத்தடி நகர்வதும் பிரேக்கில் நிற்பதுமாக ஊர்கிறது. கடற்கரைப் புழுக்கம், வெயில், டிரெய்லர் புகை எல்லாம் சேர்ந்து கியர்பாக்ஸைச் சூடேற்றுகின்றன. ஒருநாள் கியர் மாறும்போது வண்டி உதறுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் இரைகிறதே தவிர வண்டிக்கு இழுவை இல்லை. அவர் உங்களிடம் வந்து, "ஸ்லிப் ஆகுதுங்க" என்று வாய் திறந்த மாத்திரத்தில் தீர்ப்பு வந்துவிடுகிறது: "கியர்பாக்ஸ் போச்சு சார், யூனிட்டையே மாத்திடலாம்." ஸ்கேன் போடவில்லை, ஓட்டிப் பார்க்கவில்லை, ஆயில் எவ்வளவு இருக்கிறது என்றும் பார்க்கவில்லை. இத்தனை விரைவில் உண்மையை எட்டுகிறவர்கள் வேறு எந்தத் தொழிலில் இருக்கிறார்கள்?

அடுத்தது உங்கள் கைச்சுத்தம். கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் சேம்பரைக் கழற்றினால் உள்ளே ஒரு சிறு காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மை போலப் படிந்திருந்தால் அது இயல்பான தேய்மானம். செதில் செதிலாக இரும்பு ஒட்டியிருந்தால் உள்ளே பல்லோ பேரிங்கோ சிதைந்திருக்கிறது. ஏடிஎஃப் எனும் கியர்பாக்ஸ் ஆயில் பெரும்பாலும் புதிதில் சிவப்பாக இருக்கும்; கருகினால் பழுப்பாகி, தீய்ந்த வாடை வீசும். பல ஆயிரத்தில் முடிகிற வேலையா, சில லட்சம் கேட்கிற வேலையா என்பதை அந்தக் காந்தமும் அந்த வாடையுமே பெரும்பாலும் சொல்லிவிடும். ஆனால் அதற்குக் கையில் எண்ணெய் படவேண்டும். நீங்கள் எஸ்டிமேட் தாளைக் கறையில்லாமல் நீட்டுகிறவர்கள். சோலினாய்டு ஒன்று அடைத்திருந்தாலும், வால்வு பாடியில் அழுக்கு சேர்ந்திருந்தாலும், பேட்டரி இறங்கி கியர் கம்ப்யூட்டர் தடுமாறினாலும் உங்கள் தாளில் விழுவது ஒரே வரிதான்: முழு யூனிட்.

உங்கள் சிக்கனத்தையும் சொல்ல வேண்டும். "இந்த ஆயில் லைஃப்டைம் சார், மாத்தவே வேணாம்" என்று வருடாவருடம் சொல்லி வாடிக்கையாளரின் காசைக் காப்பாற்றியவர்கள் நீங்கள். கியர்பாக்ஸ் செய்வதில் உலகப் பெயர் பெற்ற ஜெர்மனியின் ஜெட்எஃப் நிறுவனம், 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. செய்தவனுக்குத் தெரியாதது விற்றவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்து மணலியில் 1969 முதல் ஓடும் சுத்திகரிப்பு ஆலையில் மசகு எண்ணெய்க்கான மூல எண்ணெயே தயாராகிறது. அதன் வாசல் வழியே தினமும் போய்வரும் காரின் கியர்பாக்ஸில் புது எண்ணெய் ஒரு சொட்டும் இறங்காமல் காத்த கட்டுப்பாடு உங்களுடையது. அன்று மிச்சமான சில ஆயிரம், இன்று லட்சங்களாக உங்கள் எஸ்டிமேட்டில் வளர்ந்து நிற்கிறது.

நீங்கள் பேதம் பாராதவர்களும்கூட. டார்க் கன்வெர்ட்டர், சிவிடி, இரட்டை கிளட்ச், ஏஎம்டி என்ற ஆட்டோமேட்டிக் வகைகள் எல்லாமே உங்கள் முன் சமம். 2014இல் செலேரியோ காரோடு இங்கே பரவத் தொடங்கிய ஏஎம்டி, உள்ளே சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். காலும் கையும் செய்யும் வேலையை ஒரு ஆக்சுவேட்டர் செய்கிறது. அதில் பழுதென்றால் கிளட்ச் பிளேட்டிலோ ஆக்சுவேட்டரிலோதான் முதலில் தேட வேண்டும். ஃபோக்ஸ்வாகனின் ஏழு கியர் இரட்டை கிளட்ச் பெட்டியில், புழுக்கமான ஊர்களில் நின்று நின்று ஓடும்போது, சிந்தெடிக் ஆயிலால் மின்கோளாறு வரலாம் என்று தெரிந்தது. 2013 நவம்பரில் அந்த நிறுவனம் உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்துச் செய்தது, சிந்தெடிக் ஆயிலை வடித்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றியதுதான். உங்களிடம் யோசனை கேட்டிருந்தால் 16 லட்சம் கியர்பாக்ஸ் விற்றிருக்கும்.

பழுதின் காரணத்தைக் கண்டுபிடிப்பதிலும் உங்களுக்கு நிகரில்லை. "நீங்க ஓட்டுற விதம் அப்படி சார்" என்பீர்கள். ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு நிறுவனமும், பவர்ஷிஃப்ட் கியர்பாக்ஸில் கோளாறு இருப்பது தெரிந்திருந்தும், உதறல் பற்றிப் புகார் சொன்னவர்களிடம் இதையேதான் சொன்னது. அந்த நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் 2018 ஏப்ரலில் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. உங்கள் வாக்குக்கு அங்கே அவ்வளவு விலை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் இந்தப் பகுதியில் புகுந்தபோதும் உங்கள் நிதானம் குலையவில்லை. கியர்பாக்ஸுக்குள் தண்ணீர் போனால் ஆயில் ரோஸ் மில்க் நிறமாகிவிடும். கிளட்ச் பிளேட்டுகளின் மேலுறை நீரை உறிஞ்சி, பசை விட்டுக் கழன்று வரும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் அன்றே வடித்து, புது ஆயில் விட்டுக் கழுவியெடுத்தால் பிழைக்க வழியுண்டு. வாரக்கணக்கில் வண்டியை வரிசையில் நிறுத்திவைத்து, பிளேட்டுகள் ஊறித் தீர்ந்த பிறகு முழு யூனிட் எழுதும் பொறுமை எல்லோருக்கும் வாய்க்காது.

புகழ் இத்தோடு போதும். இனி கார் வைத்திருக்கும் உழைப்பாளிக்கு ஒரு வார்த்தை. சில சமயம் முழு மாற்றம்தான் சரி: உறை வெடித்திருந்தால், இரும்புத் துகள் உள்ளெங்கும் பரவியிருந்தால், தண்ணீர் பல நாள் தங்கியிருந்தால். அதைக்கூடப் பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். ஆகவே பேட்டரி, ஸ்கேன் ரிப்போர்ட், ஆயில் அளவு, சேம்பர் ஆகிய நான்கையும் உங்கள் கண்முன் பார்க்கச் சொல்லுங்கள். எஸ்டிமேட்டைக் காரின் இன்றைய விலையோடு ஒப்பிடுங்கள். ஆட்டோமேட்டிக் மட்டுமே பிரித்துக் கோக்கும் பட்டறையில் இன்னொரு கருத்துக் கேளுங்கள். புதுப்பேட்டையில் பழைய யூனிட் வாங்கினாலும் அதன் சேம்பரையும் திறந்து பாருங்கள். வாரண்டியை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய உதிரிகளைக் கேட்டு வாங்குங்கள். ஏமாந்தது தெரிந்தால் நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. சேம்பரைத் திறந்து காட்டாதவரின் எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.