சிறுவாட்டியல்: அவிநாசி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

சிறுவாடு குறித்துத் தமிழில் முறையான ஆய்வு வராமல் போனதற்கு ஒரே காரணம்தான். அதைக் கையில் வைத்திருப்பவர்கள் யாரும் அது தங்களிடம் இருப்பதாக ஒப்புக்கொள்வதில்லை. கல்வெட்டைப் படியெடுக்கலாம், ஓலைச்சுவடியைப் படம் பிடிக்கலாம். சேவூர் ரோட்டில் ஒரு பெரியம்மாவின் அரிசிப் பானைக்குள் கைவிட்டுத் துழாவ எந்தப் பல்கலைக்கழகமும் அனுமதிக் கடிதம் தராது. ஆகவே இவ்வாய்வு பெரும்பாலும் மறுப்புகளையே சான்றாகக் கொண்டு எழுந்தது. "எங்கிட்ட ஏதுங் சாமி பணம்?" என்பதை ஒருவர் எவ்வளவு விரைவாகச் சொல்கிறாரோ அவ்வளவுக்குத் தொகை பெரிது என்பது இத்துறையின் முதல் அளவுகோல்.

களமாக அவிநாசியைக் கொண்டதற்குக் காரணம் உண்டு. ஒருபுறம் திருப்பூர் பனியன் கம்பெனிகளின் சனிக்கிழமைச் சம்பளம், மறுபுறம் விசைத்தறி, இடையில் மழையை நம்பிய பண்ணையம். மூன்றிலும் வரவு ஒழுங்காக வராது, செலவு ஒழுங்காக வந்துவிடும். மேலும், அத்திக்கடவுத் தண்ணீர் கேட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, 2024 ஆகஸ்ட் 17 அன்றுதான் 1,045 குளம் குட்டைகளுக்கான திட்டம் தொடங்கக் கண்ட வட்டாரம் இது. பாத்திரம் கழுவிய தண்ணீரை முருங்கைக்கு ஊற்ற இவ்வூர்ப் பெண்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

முன்னாய்வு என்று சொல்லத்தக்கது ஒன்றுண்டு. 1887-இல் கோயமுத்தூர் மாவட்டக் கையேட்டைத் தொகுத்த எஃப். ஏ. நிக்கல்சன் துரை, பின்னாளில் உழவர் கடனுக்கு மருந்து தேடும் பணியில் மதராஸ் அரசால் அமர்த்தப்பட்டார். ஐரோப்பாவின் ஊர்ப்புற வங்கிகளையெல்லாம் ஆராய்ந்து, 1895-இலும் 1897-இலும் இரண்டு தொகுதிகளாக அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியில் ராய்ஃபைசன் தொடங்கிய கிராமக் கடன் சங்கம் போன்றதே இங்கும் வேண்டும் என்பது அவர் முடிபு. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்ததில் அவ்வறிக்கைக்குப் பங்குண்டு. துரை பெரிய உழைப்பாளி, மறுப்பதற்கில்லை. ஆனால் ஜெர்மனி வரை தேடியவர் கோயமுத்தூர்ச் சீமையின் சமையலறைக்குள் நுழைந்ததாகத் தெரியவில்லை. அந்த இடைவெளியையே இக்கட்டுரை நிரப்ப முயல்கிறது.

இவ்வட்டாரத்தில் கடன் வசூலின் தொன்மைக்குப் புராணச் சான்றும் உண்டு. சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னோடு வந்த சுந்தரரைத் திருமுருகன்பூண்டியில் வேடர் உருவில் வந்த சிவகணங்கள் வழிமறித்துப் பறித்தன. சுந்தரர் பாடினார், பொன் திரும்பி வந்தது. பக்கத்திலேயே அவிநாசியில், குளத்து முதலை விழுங்கிய சிறுவனை அவர் பாடி மீட்டார். சிறுவன் விழுங்கப்பட்ட வயதில் வரவில்லை, இடையில் போன ஆண்டுகளின் வளர்ச்சியோடு வந்தான் என்பதை ஆய்வாளர் கவனிக்க வேண்டும். முதலையும் வட்டியையும் ஒரே தவணையில் கரையில் கொண்டுவந்து சேர்த்த நிகழ்வு அதற்குப் பின் இவ்வூரில் நடந்ததாகத் தெரியவில்லை.

இனி இலக்கணம். "கொழுநன் அறியாமைக் குவிவது சிறுவாடே" என்பது யாம் யாத்த நூற்பா. கொழுநன் என்றது உபலக்கணம். மாமியார், நாத்தனார், வண்டி கேட்கும் மகன் ஆகியோரையும் சேர்த்துக் கொள்க. குவிவது என்றமையால் ஒருமுறை ஒளித்துவைத்த போனஸ் பணம் சிறுவாடாகாது. சிறிது சிறிதாகச் சேர்ந்ததே ஆகும். ஏகாரம் தேற்றம். அற்றேல், கொழுநன் அறிந்தும் அறியாதவர்போல் இருப்பின் என்னை எனின், அதுவும் சிறுவாடே. உலகில் பெரும்பாலானவை அவ்வகையினவே.

இது எங்கிருந்து விளைகிறது? முதன்மையான விளைநிலம் கொள்ளு. கொள்ளை வேகவைத்து இறுத்த தண்ணீர் மதியத்துக்கு ரசம். வெந்த கொள்ளைச் சின்ன வெங்காயமும் வரமிளகாயும் சேர்த்து ஆட்டினால் கொள்ளுப் பருப்பு. ஒரு தானியம், ஒரு அடுப்பு, இரண்டு பண்டம். உடம்புக்கும் நல்லது என்று மருமகனிடம் சொல்லிக்கொள்ளலாம். அடுத்தது அரிசியும் பருப்பும். இதைச் சிக்கனச் சோறு என்று வெளியூர்க்காரர் யாரும் கண்டுபிடித்ததில்லை, கொங்குச் சமையல் என்று விருந்தில் தேடிச் சாப்பிடுகிறார்கள். உண்மையில் அது குழம்பு, பொரியல், கூட்டு மூன்றையும் ஒரே குக்கரில் ரத்து செய்யும் ஏற்பாடு. வாரத்தில் இரண்டு ராத்திரி இது நடந்தால் 14.2 கிலோ சிலிண்டர் எத்தனை நாள் கூடுதலாக வரும் என்பதை வீட்டுத் தலைவி காலண்டரில் பேனாவால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். அந்த வட்டம் எதற்கென்று கேட்டால் அமாவாசை என்பார்.

மின்சாரத்தில் இவர்களுடைய புலமை வியப்புக்குரியது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்குப் போடும் முறையே மாறி, முன்பு எரித்த யூனிட்டுகளுக்கும் விலை ஏறும் என்பது பொருளியல் பட்டதாரிகளுக்கே பில் வந்த பிறகுதான் தெரிகிறது. ஒரே ஒரு யூனிட் கூடினால் 200 ரூபாய்க்கு மேல் போய்விடும். நம் தகவலாளியான பெரியம்மா ரீடிங் எடுக்க வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே மீட்டர் பெட்டியைத் திறந்து பார்ப்பார். எண்ணைக் கண்டதும் வீட்டில் இஸ்திரி போடுவது நிற்கும், மகன் கசங்கிய சட்டையோடு கம்பெனிக்குப் போவான். 2021 முதல் பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லை என்றானபின் திருப்பூர் போய்வரும் காசும் இக்கணக்கில் சேர்ந்தது. கட்டணப் பேருந்து இரண்டை விட்டுவிட்டு மூன்றாவதாக வரும் இலவசப் பேருந்தில் ஏறுவதால் நேரம் வீணாகிறதே என்று வாதிடுவோர் உண்டு. அந்த நேரத்தில்தான் யார் வீட்டில் சீட்டுப் பிடிக்கிறார்கள், யார் ஏமாற்றினார்கள் என்ற தகவல் பரிமாறப்படுகிறது என்பதால் அவ்வாதம் நிற்காது.

இருப்பிடம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அரிசிப் பானை பழைய முறை, எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. புடவை மடிப்பு, சாமி படத்தின் பின்புறம் ஆகியனவும் அப்படியே. சிறந்த இடம் அஞ்சறைப் பெட்டியில் சீரகக் கிண்ணத்தின் அடி. நோட்டை எட்டாக மடித்து அடியில் வைத்து மேலே சீரகத்தைக் கொட்டிவிட்டால் ஆண்கள் யாரும் தொடமாட்டார்கள். தேநீர் போடத் தெரிந்த ஆணும் ரசம் தாளிக்க வருவதில்லை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது இக்கிண்ணங்கள் ஒரே வாரத்தில் கவிழ்க்கப்பட்டன. வங்கி வரிசைகளில் சீரக வாசனை அடித்ததாகச் சொல்வது மிகையாகலாம். பல கணவர்களுக்குத் தம் மனைவியின் நிதிநிலை அன்றுதான் தெரியவந்தது என்பது மிகையன்று.

இவ்வளவும் முன்னுரை. ஆய்வின் நடுச்சிக்கல் வேறு. சேர்ப்பது அவ்வளவு கடினமில்லை, சேர்த்ததைக் காப்பதுதான் கடினம். காக்க வேண்டியதும் திருடனிடமிருந்து அல்ல, ஒறம்பரை என்னும் உறவினரிடமிருந்து. கொங்கு வீட்டுக்கு வந்த ஒறம்பரைக்கு முதலில் சொம்பில் தண்ணீர், பிறகு காப்பி, பிறகு "இருந்து சாப்புட்டுட்டுப் போங்". காப்பிக்கும் சாப்பாட்டுக்கும் இடையில்தான் அந்த வார்த்தை வரும்: "ஒரு பத்தாயிரம் இருந்தா பொரட்டிக் குடுங், மாசி போயி தந்துர்றேன்." பணம் இருக்கையில் இல்லை என்று சொல்ல இவ்வூர் நாக்குக்கு வராது. கொடுத்தாலோ எந்த மாசி என்று கேட்கவும் வராது. ஆகவே கையில் காசு உள்ளவர் காப்பாற்றிக்கொள்ள ஒரே வழி, கடன்பட்டவராக இருப்பது. "ஐயோ, நேத்துத்தானுங் சீட்டுக்குக் கட்டுனேன்" என்பதற்கு மறுமொழி எந்தச் சாதியிலும் எந்தச் சம்பந்தியிடமும் கிடையாது.

ஏலச்சீட்டு இப்படித்தான் இவ்வட்டாரத்தின் பெருஞ்சேமிப்பு முறையாயிற்று என்பது எம் முடிபு. 20 பேர், தலைக்கு 5,000, மாதம் ஒரு லட்சம். அவசரக்காரர் தள்ளி எடுப்பார், பொறுத்திருப்பவருக்குத் தள்ளுக் காசு பங்காக வரும். இதன் லாபத்தை வங்கி வட்டியோடு ஒப்பிட்டு இளக்காரம் பேசுவோர் விஷயத்தைக் கோட்டைவிடுகிறார்கள். சீட்டு தருவது வட்டியை அல்ல, ஒரு சாக்கை. தன் பணத்தைத் தானே தொட முடியாதபடி பத்தொன்பது அண்டை வீட்டாரைக் காவல் வைக்கும் ஏற்பாடு அது. 1982 சட்டப்படி பதிவு செய்த சீட்டு என்றால் நடத்துபவரின் கமிஷனுக்கும் வரம்பு உண்டு. 2019 திருத்தத்துக்குப் பின் அது 7 விழுக்காடு. பதியாத சீட்டில் வரம்பு, நடத்துபவர் ஊரைவிட்டு ஓடும் தூரம்.

இதைவிட நுட்பமானது நகை அடகு. ஐந்து பவுனை வீட்டில் வைத்தால் கொழுந்தனாரின் மகள் கல்யாணத்துக்கு இரவல் போகும், போனது கல் உதிர்ந்து வரும். அதே ஐந்து பவுனைச் சொசைட்டியில் வைத்து வெறும் 10,000 ரூபாய் வாங்கிக்கொண்டால், நூற்றுக்குப் பத்து என்றே வைத்தாலும் ஆண்டுக்கு வட்டி 1,000. லாக்கர் வாடகையாக நினைத்துக்கொண்டால் முடிந்தது. "நகை பேங்க்குல இருக்குதுங்" என்று பெருமூச்சோடு சொல்லவும் செய்யலாம். 2021-இல் கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து பவுன் வரையிலான நகைக்கடனை அரசு நிபந்தனைகளோடு தள்ளுபடி செய்தபோது, அதற்குச் சற்று முன்புதான் கடனை ஒழுங்காக அடைத்து நகையை மீட்டவர்கள் பட்ட வேதனை தனி ஆய்வுக்கு உரியது.

கடனை அடைக்கும் வரிசையில்தான் எமக்கும் பெரியம்மாவுக்கும் கருத்து வேறுபாடு. நூலறிஞர் எல்லோரும் அதிக வட்டிக் கடனை முதலில் தீர் என்பர். பெரியம்மா அண்ணனிடம் வாங்கிய வட்டியில்லாக் கடனைத்தான் முதலில் தீர்த்தார். "அவன் வட்டி வாங்கலீங் சாமி, வாரா வாரம் வந்து கோழி அடிச்சுப் போடச் சொல்றான்" என்பது அவர் தந்த காரணம். அந்த அண்ணன், பெரியம்மாவின் பேத்திக்கு மாப்பிள்ளையும் பார்க்கத் தொடங்கியிருந்தார். இதை ஏற்கலாம். ஆனால் தண்டல் விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. 9,000 கொடுத்து, நாளுக்கு நூறு வீதம் நூறு நாளில் 10,000 வசூலிக்கிறார்கள். ஆயிரம்தானே என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசல் திரும்பப் போய்க்கொண்டிருப்பதால், ஆண்டுக் கணக்கில் அது 75 விழுக்காட்டைத் தாண்டுகிறது. வெளியார் வட்டி என்று ஊரே பழிக்கும் இரண்டு வட்டிகூட ஆண்டுக்கு 24 தான். அளவு மீறிய வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் சட்டம் இருக்கிறது. தண்டல்காரரின் வண்டியும் தெருவில் நாள்தோறும் வந்துகொண்டிருக்கிறது. சீட்டுக் கட்டிக்கொண்டே தண்டலும் வைத்திருப்பவர் கொள்ளு ரசம் குடித்து மிச்சம் பிடிப்பதில் பொருளில்லை. சீட்டைத் தள்ளி எடுத்தாவது தண்டலை முடிப்பதே முறை.

எம் ஆய்வால் விளக்க முடியாத ஒன்று எஞ்சுகிறது. சந்தையில் இரண்டு ரூபாய்க் கொத்தமல்லியைக் கொசுறாகக் கேட்டு மல்லுக்கட்டும் அதே வட்டாரம், 2012 வரை பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழி வளர்ப்புத் திட்டங்களில் லட்சங்களைக் கொண்டுபோய்க் கொட்டியது. மாதாமாதம் பணம் வரும் என்றார்கள், சில மாதம் வந்தது. பிறகு கம்பெனிகள் படுத்தன, தீனியில்லாமல் நின்ற பறவைகளுக்கு அரசு இரை போட வேண்டியதாயிற்று. பறக்கத் தெரியாத பறவையில் பணம் போட்டவர்கள் பெரும்பாலும் குடும்பத்து ஆண்கள். சீரகக் கிண்ணத்துப் பணம் அங்கே போனதற்குச் சான்று எமக்குக் கிட்டவில்லை. இக்கேள்வியைப் பெரியம்மாவிடம் வைத்தபோது, மீட்டர் பெட்டியைச் சாத்திக்கொண்டே, "எங்கிட்ட ஏதுங் பணம், ஈமுவுல போட?" என்றார். மிக விரைவாகவே சொன்னார்.

இக்கட்டுரையை இரவல் இதழில் படிக்கும் வாசகர்கள் படித்ததும் இதழை உரியவரிடம் சேர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். அவர் அதைப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போடக் கணக்கு வைத்திருப்பார்.