சில்லறைய உட்ருங்க!

ரவுண்டுக்காரரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பார். பண்ணை இல்லையென்றால் திருச்செங்கோட்டில் ரிக் வண்டி, சங்ககிரியில் லாரி, இளம்பிள்ளையில் தறி, சேலம் செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை. தொழில் எதுவானாலும் ஆள் ஒருவர்தான். பில்லின் வாலை நறுக்காமல் அவர் கையிலிருந்து பணம் வராது. 1,340 என்றால் 1,300. 5,060 என்றால் 5,000. "சில்லறைய உட்ருங்க" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிடுவார். கடைக்காரர் என்ன சொன்னார் என்பது அவர் காதுக்கு எட்டியதே இல்லை.

கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். மொய்க்கு ஆயிரம் என்றால் மேலே ஒரு ரூபாய் சேர்த்துத்தான் எழுதுவார். மாரியம்மன் நோம்பிக்கு வரி கேட்டு வந்தால் கேட்டதைவிடக் கூடுதலாகக் கொடுத்தனுப்புவார். ஜவுளிக்கடையில் அறுபது ரூபாயைக் குறைக்க அரைமணி நேரம் நின்றவர், வாசலில் பைதூக்கி வந்த பையனுக்கு நூறு ரூபாய் கொடுப்பார். தன் முகத்துக்கு இந்தக் கடையில் என்ன மதிப்பு என்று அளந்து பார்ப்பதுதான் அவருடைய வேலை.

தொழிலிலோ இவரைப்போலக் காசு பார்க்கிறவர் கிடையாது. நாமக்கல் மண்டலத்துக்கு முட்டை ஒருங்கிணைப்புக் குழுவான என்இசிசி அறிவிக்கும் முட்டை விலை காசுக் கணக்கில்தான் ஏறி இறங்கும். ஐந்து காசு இறங்கினால் ஒரு லட்சம் முட்டைக்கு 5,000 ரூபாய் போச்சு. அதற்கும் கீழே வியாபாரி 'மைனஸ்' என்று கொஞ்சம் காசைப் பிடிப்பார். அந்த மைனஸுக்காக ரவுண்டுக்காரர் போனில் போடும் சத்தத்தில் பக்கத்து ஷெட் கோழியெல்லாம் தீனி எடுக்காது. வருகிற காசில் அத்தனை கணக்கு, போகிற காசில் ரவுண்டு.

இப்படிப்பட்டவர் கைக்குத்தான் கிரெடிட் கார்டு வந்தது. பேங்குக்கு வேறு வேலையாகப் போனபோது ஒரு பையன், "அய்யா, டார்கெட்டுங்க அய்யா" என்று கெஞ்சினான். பையன் சொந்தக்காரன் மாதிரி இருந்ததால் கையெழுத்துப் போட்டார், ஓடிபியும் சொன்னார். முதல் பில் 24,312 ரூபாய் 60 காசு. வழக்கம்போல 24,000 கட்டினார். அடுத்த பில்லில் வட்டியும் ஜிஎஸ்டியுமாக ஆயிரத்துச் சொச்சம் ஏறி வந்தது. "முன்னூறு ரூவாய்க்கு ஆயிரம் ரூவா வட்டியா? கந்துவட்டிக்காரனே தேவலையேடா!"

வட்டி முன்னூறுக்கு வரவில்லை. பில்லை முழுசாகக் கட்டாவிட்டால் வட்டியில்லாக் காலம் என்ற சலுகையே போய்விடுகிறது. சாமான் வாங்கிய நாளிலிருந்து மொத்தத்துக்கும் வட்டி ஓடும். மாதம் மூன்றரை வட்டி, 35 நாள் என்று போட்டால் 979 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்தால் 1,155. இதுவரைக்கும் போனது பணம் மட்டும்தான். குறைந்தபட்சத் தொகைக்கு மேல் கட்டிவிட்டதால் கடன் பதிவில் கீறல் விழவில்லை. விழ வைத்தது அவருடைய ரோஷம்.

பாக்கியையும் வட்டியையும் கட்டித் தூக்கி எறிந்துவிட்டு, வீட்டில் கத்தரிக்கோலைக் கொண்டுவரச் சொல்லிக் கார்டை இரண்டாக வெட்டினார். கணக்கு முடிந்ததாம். கார்டை முடிக்க வேண்டுமென்றால் வங்கியிடம் சொல்ல வேண்டும். சொன்னால் ஏழு வேலை நாளுக்குள் அவர்கள் முடித்தாக வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் தண்டம் வங்கிக்கு. இதெல்லாம் ரிசர்வ் வங்கி 2022-ல் போட்ட விதி. கத்தரிக்கோலைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

ஆண்டுக் கட்டணம் வந்தது. 499, ஜிஎஸ்டியோடு 588 ரூபாய் 82 காசு. வெட்டிப்போட்ட கார்டுக்குக் கட்டணமா என்று கொதித்தாலும், பேங்க் பையன் முகத்துக்காக 500 போட்டுவிட்டார். மீதி 88 ரூபாய் 82 காசு. நூறு ரூபாய்க்குக் கீழே இருந்தால் பல வங்கிகள் தாமதக் கட்டணம் போடுவதில்லை. அபராதம் வரவில்லை என்றதும், "பாத்தீங்களா, சில்லறைய உட்டுட்டானுக" என்று டீக்கடையில் சொன்னார். குறுஞ்செய்தி வந்துகொண்டுதான் இருந்தது. கார்டுக்குக் கொடுத்த நம்பர் அதற்குள் கோயமுத்தூரில் படிக்கும் மகனிடம் போயிருந்தது. பேங்கிலிருந்து வருவதெல்லாம் கடன் விளம்பரம் என்று அவன் அழித்துக்கொண்டிருந்தான்.

கெடு தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால் பாக்கிதாரர் என்று சிபில் போன்ற கடன் பதிவு நிறுவனத்துக்கு வங்கி எழுதலாம். மூன்று நாள் என்பது நம் பக்கத்தில் ஒரு காலக்கணக்கே இல்லை. நாளைக்குத் தருகிறேன் என்றால் அடுத்த சந்தைக்கு என்று அர்த்தம். கேட்பவருக்கும் அது தெரியும். சிபில் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

ஏறி ஏறி 88 ரூபாய் நூறைத் தாண்டியது. தாமதக் கட்டணமும் சேர்ந்து இரண்டாயிரத்துச் சொச்சம் ஆனபோது வசூல் பையன் அவருடைய நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் செய்தான். ரவுண்டுக்காரருக்கு உயிர் வந்தது. இத்தனை நாளாகப் பேரம் பேச ஆளே இல்லாமலிருந்த வங்கியில், கடைசியாக ஒரு மனுசக் குரல்! முக்கால் மணி நேரம் பேசி 1,200-க்கு முடித்தார். பேங்கையே படிய வச்சுட்டேன் என்று ஒறம்பரை முழுக்கச் சொல்லி மகிழ்ந்தார். பதிவில் அது 'செட்டில்டு' என்று ஏறியது. பாக்கி முழுசையும் கட்டியிருந்தால் 'குளோஸ்டு'. கடன் கொடுக்கிறவர் கண்ணுக்கு முதலாவது, தர வேண்டிய தொகையைத் தராமல் பேரம் பேசினவர் என்று படிக்கும். வாஸ்தவம்தானே.

இரண்டு வருடம் கழித்துப் புது ஷெட்டுக்குக் கடன் கேட்டுப் போனார். மேலாளர் விஜயவாடாவிலிருந்து மாற்றலாகி வந்த பெண். ஸ்கோர் 640 என்றார்.

"ஏனுங் அம்மணி, நானெல்லாம் முப்பத்தஞ்சுல பாஸான ஆளு. அறுநூத்தி நாப்பது பத்தாதுங்களா?"

"சார், இது முந்நூறில் தொடங்கும் சார். தொள்ளாயிரம் வரை."

பதிவை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். மாதத்துக்கு ஒரு கட்டமாக, 36 மாதம். பழைய மாதங்களில் 000, 000 என்று வரிசையாக. அப்புறம் 030, 061, 091. ரவுண்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் பார்த்தார்.

"அம்மணி, மொதல்ல பூரா முட்டை வாங்கியிருக்கறன், ஒத்துக்கறன். அப்புறம் பாருங்க, முப்பது, அறுபத்தொண்ணு, தொண்ணூத்தொண்ணு. நல்லாத்தானுங்க படிச்சிருக்கறன்?"

அது எத்தனை நாள் தாமதம் என்ற கணக்கு என்று புரியவைக்க அந்தப் பெண் தமிழிலும் தெலுங்கிலும் பட்ட பாட்டை எழுத இடமில்லை. முட்டை வாங்குவதுதான் உத்தமம் என்று தெரிந்ததும் ரவுண்டுக்காரர் கொஞ்சம் தேறினார். முட்டையில் அவருக்கு எப்போதும் நம்பிக்கை உண்டு. சரி, சம்சாரம் பேரில் கொடுங்கள் என்றார். அந்தம்மா எந்தக் கடனும் வாங்கியதில்லை, ஆகவே ஸ்கோர் மைனஸ் 1 என்று வந்தது.

"மைனஸ்னா வியாபாரி புடிக்கறதுதானுங்களே? இங்கயும் புடிக்கறாங்களா?"

பதிவே இல்லை என்பதற்கான குறி அது என்றார் மேலாளர். முதல்முறை கேட்பவரை அதற்காக மட்டும் தள்ளக்கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறதாம். முப்பது வருடமாகக் குடும்பத்தின் வரவுசெலவை நடத்தியவர் மைனஸ் 1. நடுவில் கத்தரிக்கோல் கேட்டவர் 640. இதில் வங்கி யாரை நம்பும் என்று எனக்குத் தெரியும், நான் யாரை நம்புவேன் என்றும் தெரியும். இரண்டு பதிலும் ஒன்றுதான்.

சிரிக்கிற சமாச்சாரமாகவே இது எப்போதும் முடிவதில்லை. பாரத ஸ்டேட் வங்கி வேலைக்குத் தேர்வான ஒருவரின் நியமனத்தைக் கடன் பதிவு சரியில்லை என்று வங்கி ரத்துசெய்தது. 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. கோயமுத்தூர் மகன் வங்கித் தேர்வுக்குத்தான் படித்துக்கொண்டிருந்தான். செய்தியைப் படித்த அன்றைக்கே அப்பாவின் குறுஞ்செய்திகளை அழிப்பதை நிறுத்திவிட்டான்.

தள்ளுபடி செய்த பணத்தைத் திருப்பிக் கட்டி, பாக்கியில்லை என்று கடிதம் வாங்கச் சொன்னார் மேலாளர். பேசிக் குறைத்த பணத்தை வலியப் போய்க் கட்டிய நாளில் ரவுண்டுக்காரர் யாரோடும் பேசவில்லை. காசோடு கட்டினார். நாலு கடன் பதிவு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒருமுறை அறிக்கையை இலவசமாகத் தரும், நாமே எடுத்துப் பார்த்தால் மார்க் குறையாது என்றான் மகன். ஓசி என்றதும் நாலிலும் எடுக்கச் சொன்னார். மூன்றில் திருத்தியிருந்தார்கள். ஒன்றில் பழைய 'செட்டில்டு' அப்படியே இருந்தது. புகார் போட்டார்கள்.

அப்போதுதான் மகன் அந்தத் தகவலைச் சொன்னான். புகார் கொடுத்து 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால், அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறை. ரவுண்டுக்காரர் எழுந்து உட்கார்ந்தார். எந்தக் கோழி தினம் நூறு ரூபாய்க்கு முட்டையிடும்? காலண்டரில் கெடுவை வட்டமிட்டார். ஒரு மாதம் இழுத்தடித்தால் 3,000. ஷெட்டைப் பற்றிய கவலையே போய்விட்டது. அவன் மெதுவாகச் செய்யட்டும், பாவம் என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னார்.

இருபத்தொன்பதாம் நாள் சரிசெய்துவிட்டதாகத் தகவல் வந்தது.

"மனசே இல்லாத பயலுக" என்றார் ரவுண்டுக்காரர். "இன்னும் ரெண்டு நாள் சேத்துப் பாத்தா என்ன? எதுக்குடா இவ்வளவு அவசரம்?"