சர்வர் ரூம் அண்ணன்

சென்னையின் மே மாத வெயிலில் ஸ்வெட்டரும் கையுமாக ஆபீஸுக்கு வருகிறவரைப் பார்த்தால் சிரிக்காதீர்கள். அவர்தான் சர்வர் ரூம் அண்ணன். எல்லா ஆபீஸிலும் ஒருவர் இருப்பார்.

முதலில் அந்த 'ரெய்டு' என்ற சொல். "நம்ம சர்வர்ல ரெய்டு போட்டாச்சு" என்று அண்ணன் போனில் சொன்னதைக் கேட்டு, எங்கள் அக்கவுண்ட்ஸ்காரர் இரண்டு லெட்ஜரைத் தூக்கி டிபன் பையில் வைத்துவிட்டார். இன்கம்டாக்ஸ் இல்லை, பல டிஸ்க்கைச் சேர்த்துக் கட்டும் வித்தை என்று புரியவைப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

"ரெய்டு இருக்கே, அப்புறம் பேக்கப் எதுக்குண்ணே?" என்று கேட்டு மாட்டாத புதுப் பையன் கிடையாது.

"தம்பி, ரெய்டு 5-க்குக் குறைஞ்சது மூணு டிஸ்க் வேணும். ஒண்ணு போனா மத்தது தாங்கும். புது டிஸ்க்கைப் போட்டு அது நிரம்பறதுக்குள்ள இன்னொண்ணும் போச்சுன்னா, எல்லாம் போச்சு. நீ கை தவறி ஒரு ஃபைலை அழிச்சேன்னு வை, அதை ரொம்ப பொறுப்பா எல்லா டிஸ்க்லயும் சேர்த்தே அழிச்சுக் குடுக்கும்!"

கன்ட்ரோலர் கார்டிலுள்ள பேட்டரிமேல் அவருக்குத் தனிப் பாசம். அது செத்தால் பல கார்டுகள் கேஷை நம்பாமல் நேரே டிஸ்க்கிலேயே எழுத ஆரம்பித்துவிடும். ஆபீஸே ஆமை வேகமாகி, எல்லோரும் நெட்டைத் திட்டுவார்கள். அண்ணன் மட்டும் பேசாமல் ஸ்குரூ டிரைவரைத் தேடுவார். டிஸ்க்கை உருவும் முன் ஒவ்வொன்றிலும் நம்பர் ஒட்டுவார். எண் கலைந்தால் சில பழைய கன்ட்ரோலர்கள் டேட்டாவை அடையாளம் காணாது என்பது அவர் பட்டுத் தெரிந்துகொண்டது. டேப் டிரைவை அந்தக் கார்டிலேயே மாட்டப்போனால் கையைத் தட்டிவிடுவார். அதற்குத் தனிக் கார்டு, தனிக் கேபிள். சம்பந்திகளை ஒரே வீட்டில் குடிவைக்கக் கூடாதாம்.

டேப் என்று வந்துவிட்டால் குடும்பக் கதைதான். "எல்.டி.ஓ. ஏழாம் தலைமுறை வரைக்கும் பேரன் தாத்தா எழுதினதைப் படிப்பான். எட்டும் ஒன்பதும் அப்பா எழுதினதோட சரி." பழைய டிரைவைக் காயலான் கடைக்கு அனுப்பச் சொன்ன மேனேஜரிடம் இதைச் சொல்லித்தான் காப்பாற்றினார். பத்து வருஷக் கணக்கு அந்தப் பழைய டேப்புகளில் கிடக்கிறதே, வேறு எதில் போட்டுப் படிப்பது?

ஆயுத பூஜைக்கு ரேக் கதவில் ஒரே ஒரு சந்தனப் பொட்டு, அவ்வளவுதான். கற்பூரம், ஊதுபத்தி எதுவும் உள்ளே வரக்கூடாது. புகை டேப் ஹெட்டில் படியும். சாமியிடம் மன்னிப்பு கேட்டுக்கொள்வார்.

அவருடைய கிளீனிங் டேப் 50 தடவைக்குத்தான் வரும். அதன் அட்டையில் பால்பாயின்டால் கோடு கோடாகக் கிழித்துக் கணக்கு வைத்திருக்கிறார். நேற்று 47-வது கோடு. புதுசு வேண்டும் என்று பர்சேஸுக்கு எழுதிக் கொடுத்து நாலு மாதம் ஆகிறது.