மாஸ்டர் மாறிட்டார்

வெளியூர் போவதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், இவரிடம் மட்டும் வாய் தவறியும் சொல்லிவிடக் கூடாது. மதுரையில் அத்தை பேத்திக்குக் காதுகுத்து என்றால், குழந்தை பெயரைக்கூடக் கேட்க மாட்டார். "ராத்திரி சாப்பாடு எங்க?" என்பார். விசேஷ வீட்டில்தான் என்று சொன்னீர்களோ போச்சு. துக்கம் விசாரிக்க வந்தவர் போல நம் கையைப் பிடித்துக்கொள்வார்.

வம்சத்துக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார். பெரியப்பாவாக இருக்கலாம், ஆபீஸ் சீனியராக இருக்கலாம். சில வீடுகளில் மாப்பிள்ளையே இவர்தான். அங்கே நிலைமை இன்னும் மோசம், எதிர்த்துப் பேச முடியாது.

நல்ல சாப்பாட்டுக் கடைக்கு இவர் வைத்திருக்கும் இலக்கணம் கறாரானது. போர்டு இருக்கக் கூடாது, இருந்தாலும் பெயிண்ட் உதிர்ந்திருக்க வேண்டும். கார் நுழையாத சந்தாக இருந்தால் விசேஷம். "ஏசி போட்டாங்க பாருங்க, அன்னிக்கே அந்தக் கடை போச்சு" என்பது அவருடைய தீர்ப்பு. திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் 1948லிருந்து இட்லியைச் சாம்பாரில் முழுக்காட்டுகிறார்களே என்றால், "அது ஊருக்கே தெரிஞ்சதாச்சே" என்று உதட்டைப் பிதுக்குவார். மயிலாப்பூர் அருண்டேல் தெரு ராயர் மெஸ்ஸும் அப்படித்தான், தலைமுறைகள் கண்ட கடை. ஆனால் அது சந்துக்குள் இருப்பதால் தப்பித்தது. குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு மட்டும் சொல்றேன், வெளிய விட்டுடாதீங்க" என்பார். மயிலாப்பூரில் பாதிப் பேர் அங்கே காபி குடித்துவிட்டுத்தான் அன்றைய பேப்பரையே பிரிக்கிறார்கள்.

பாஸ்போர்ட் எடுத்த பிறகு இந்த வியாதி கடல் தாண்டியது. சிங்கப்பூர் செரங்கூன் சாலையில், 1947லிருந்து நடக்கும் கோமள விலாஸ் வாசலில் பிள்ளைகள் பசியோடு நின்றுவிட்டன. "இதுக்கா விமானம் ஏறி வந்தோம்?" என்று அதட்டி சைனாடவுனுக்கு இழுத்துப் போனார். அங்கே ஹாக்கர் சென்டரில் ஒரு சோயா சாஸ் கோழிக் கடை. 2016இல் மிஷலின் ஸ்டார் வாங்கி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஸ்டாருக்கு முன்பே தான் அங்கே சாப்பிட்டதாக இவர் கட்சி. 2021இல் அந்த ஸ்டார் போனபோது இவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "கடை மறுபடியும் நம்ம கைக்கு வந்துடுச்சு!"

பினாங்கில்தான் கொஞ்சம் அடி வாங்கினார். நாசி கண்டார் அங்கே தமிழ் முஸ்லிம்கள் கொடுத்த சாப்பாடு. ஒரு காலத்தில் சோற்றையும் குழம்பையும் காவடித் தண்டில் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்றார்கள். இந்தச் சரித்திரத்தை வரிசையில் முன்னாலும் பின்னாலும் நின்றவர்களுக்கு எடுத்துச் சொல்லிவிட்டு, தன் முறை வந்ததும் ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்த மலாயில் "குவா பன்ஜிர்" என்றார். எல்லாக் குழம்பையும் சோறு முங்க ஊற்றச் சொல்லும் வார்த்தை அது. கரண்டிக்காரர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். "நல்லா ஊத்திரவா அண்ணே? ராம்நாட்டுப் பக்கமா நீங்க?"

வீட்டுக்காரம்மா சிரித்தது இந்தியா வரும்வரை ஓயவில்லை.

இவர்களில் இருவரை ஒரே பந்தியில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. சமீபத்தில் ஒரு கல்யாணத்தில் அது நிறைவேறியது. இலையில் வத்தக்குழம்பு விழுந்தபோது நம்மவர் மதுரைக் கறிதோசையில் ஆரம்பித்தார். எதிராளி பாங்காக்கில் ஜெய் ஃபாய் கடை நண்டு ஆம்லெட்டை இறக்கினார். அந்தக் கடைக்காரம்மா கண்ணில் கண்ணாடிக் கவசம் மாட்டிக்கொண்டு அடுப்பில் நிற்பதை நடித்தே காட்டியதில் பக்கத்து இலைக்காரருக்கு அப்பளம் நொறுங்கியது. நம்மவர் டோக்கியோவுக்குப் பறந்தார். எதிராளி அசரவில்லை. ரசம் வரும்வரை காத்திருந்து, மெதுவாக, "நீங்க சொன்னீங்களே அந்த மதுரைக் கடை... இப்பவும் அங்கதான் போறீங்களா?" என்றார்.

"ஏன்?"

"மாஸ்டர் மாறிட்டாரே. தெரியாதா?"

நம்மவர் கை இலையிலேயே நின்றுவிட்டது. இந்த அடிக்கு அவர்கள் சாஸ்திரத்தில் பதில் கிடையாது.

அந்த நேரம் பார்த்து எதிர்வரிசைப் பெரியவர் ஒருவர், "சமையல் பிரமாதமா இருக்கே, யாரு கான்ட்ராக்ட்?" என்று பொதுவாகக் கேட்டார்.

"நான்தான் இவங்களுக்குச் சொல்லிவிட்டேன்" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.